பாரிசு போய்ச் சேரும்வரை பெருக்காத வீடு

எங்கள் வீட்டில் இரண்டு மாடுகள் இருந்தன, ஒரு வண்டி இருந்தது, ஒரு மகள் இருந்தாள். மாடும் வண்டியும் வில்லியனூர் வரைக்கும் போகும். மகள் பாரிசுக்குப் போனாள். எல்லாவற்றையும் வளர்த்து ஆளாக்கியது நான்தான் என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்வேன். மாட்டை நான் வளர்த்தேன், மகளை என் பெண்சாதி வளர்த்தாள் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

கரிக்கலாம்பாக்கத்தில் வண்டி ஓட்டுவதுதான் என் பிழைப்பு. ஊரில் அறுத்த நெல்லை வில்லியனூர் மில்லுக்குக் கொண்டுபோவேன். திரும்பும்போது தவிடோ உப்போ மண்ணெண்ணெயோ ஏற்றிவருவேன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று சிலரைச் சொல்வார்கள். நான் அப்படியில்லை, ஒருமுறை ஒதுங்கியிருக்கிறேன். வாத்தியார் வருவதைப் பார்த்ததும் மழையிலேயே இறங்கி ஓடிவிட்டேன். எழுத்து எனக்குத் தலை நரைத்த பிறகு வந்தது. அதுவும் மேட்டில் பாரவண்டி ஏறுவதுபோலத்தான் இன்றைக்கும் வருகிறது.

மகளை ஒரு சொல்தாவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருப்பவனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கல்யாணம் முடிந்து சில மாதத்தில் மருமகன் கப்பலேறிவிட்டார். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய பிறகு வந்த மூன்றாவது தையில், மகளை அனுப்பி வைக்கச் சொல்லிக் கடிதாசு வந்தது. கப்பலில் வேண்டாமாம். வழியில் இருக்கிற ஏதோ கால்வாயைச் சண்டையில் அடைத்துவிட்டார்களாம். கப்பல் ஊரைச் சுற்றிக்கொண்டு போனால் மாதக் கணக்கில் ஆகுமாம். ஆகவே ஏரோப்ளேன். அதே பட்டாளத்தில் இருந்த இன்னொருவர் மனைவி புதுச்சேரியிலிருந்து போகிறாள், அவள் கூடவே அழைத்துப் போய்விடுவாள் என்று எழுதியிருந்தார்.

ஏரோப்ளேனை நான் கீழேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். என் மாடுகளும் பார்த்திருக்கின்றன. அது பற்றி எங்கள் மூவருக்கும் இருந்த அறிவு ஒன்றுதான்.

டிக்கெட் எழுதப் புதுச்சேரிக்குப் போனபோது, எவ்வளவு தூரம் என்று அங்கே கேட்டேன். எட்டாயிரம் கிலோமீட்டர் என்றார்கள். வில்லியனூரில் நான் சரக்கு எடுக்கிற பாய் கடையில் கேட்டேன். ஐயாயிரம் மைல் என்றார் பாய். இரண்டையும் அப்படியே சுமந்துகொண்டு வந்து என் பெண்சாதியிடம் இறக்கினேன்.

"மீதி மூவாயிரம் எங்கய்யா போச்சு?" என்றாள்.

அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என் தொழில். எங்கள் பக்கத்து ரோட்டோரக் கல்லெல்லாம் பிரெஞ்சுக்காரன் நட்டது, கிலோமீட்டர். மதகடிப்பட்டைத் தாண்டி விழுப்புரம் ரோட்டில் போனால் இங்கிலீசுக்காரன் நட்டது, மைல். எங்கள் கல் சின்னப் பிள்ளை எட்டு வைப்பதுபோல அடிக்கடி வரும். அவர்கள் கல் வளர்ந்த ஆள் எட்டு வைப்பதுபோலத் தள்ளித் தள்ளி வரும். ரோடு ஒன்றுதான், மாட்டுக்கும் இளைப்பு ஒன்றுதான் என்று சொன்னேன்.

"ரெண்டுல எது நெசமோ அத்த சொல்லு."

"ரெண்டும் நெசந்தான் புள்ள."

"ரெண்டு நெசம் இருக்கற ஊருக்கு எம் பொண்ண அனுப்ப மாட்டேன்."

அனுப்பினாள். அழுதுகொண்டே முறுக்கு சுட்டாள், அழுதுகொண்டே புளியை இடித்து உருட்டினாள், அனுப்பினாள். ஆனால் தூரத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது நேரம். எத்தனை நேரத்தில் போய்ச் சேரும்? அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அதற்குக் காரணம் இருந்தது.

வீட்டிலிருந்து ஒருவர் பயணம் கிளம்பினால், அவர் போய்ச் சேர்கிறவரை எங்கள் வீடுகளில் பெருக்க மாட்டார்கள். பெண்கள் தலை முழுக மாட்டார்கள். போனவரைத் துடைத்து வெளியே தள்ளியதுபோல ஆகிவிடும் என்று பயம். நான் வில்லியனூருக்குப் போனால் அரைப் பொழுது. கடலூருக்குப் போனால் ஒரு பொழுது. மருமகன் கப்பலேறியபோது அவருடைய அம்மா இருபத்தைந்து நாளும் பெருக்காமல் இருந்ததாகவும், கடைசியில் வீட்டுக்குள் நுழைய ஆடுகளே யோசித்ததாகவும் சொல்வார்கள். அதைச் சொன்னவன் நான்தான், ஆகவே பாதியைத் தள்ளிவிடுங்கள்.

வானத்தில் போகிறவளுக்கு எத்தனை பொழுது? இது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. இதற்கு முன்னால் யாரும் போனதில்லை.

பாய் கடையில் ஒரு நாற்காலி உண்டு. அதில் எப்போதும் ஓய்வு வாங்கிய ஒரு சொல்தா உட்கார்ந்திருப்பார். சைகோன், மர்சேய் எல்லாம் பார்த்தவர். பிரெஞ்சில் ஐயா என்பதுபோல எல்லாரும் அவரை முசே என்போம். மருமகன் கடிதாசில் இருந்த பிரெஞ்சு வரிகளை அவர்தான் படித்துச் சொல்வார். அவரிடம் போய்க் கேட்டேன். மெட்ராசில் ஒரு ஏரோப்ளேன் ஏறி பம்பாயில் இறங்க வேண்டும், பம்பாயில் வேறொன்றில் ஏற வேண்டும், அது ஒரு பகலும் ஒரு இரவும் பறந்து பாரிசுக்குப் போகும், நடுவில் பாலைவனத்தில் இரண்டொரு இடத்தில் எண்ணெய் போட இறங்கும் என்றார். இதை நான் வீட்டில் சொன்னதும் என் பெண்சாதிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"அங்க அவுத்து வுடுவாங்களா?" என்று கேட்டாள்.

என்ன கேட்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது. வண்டியை அவிழ்த்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, போனவர்கள் காலை நீட்டி உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போவார்களா என்று கேட்கிறாள். அவுத்து வுடுவாங்க என்றேன். எனக்குத் தெரியாததைத்தான் நான் எப்போதும் உறுதியாகச் சொல்வேன்.

டிக்கெட் எழுதிய இடத்தில் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு பாரிசில் இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை. பெண்கள் தலை முழுகும் நாள். என் பெண்சாதிக்கு அது சாமியே பார்த்துக் குறித்துக் கொடுத்ததுபோல இருந்தது.

செவ்வாய்க்கிழமை மகளை வண்டியில் ஏற்றி வில்லியனூர் ரயிலடிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க நான் வேடிக்கை பேசிக்கொண்டே போனேன். மேலே போகும்போது நம் வீட்டுக் கூரை எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று பார்த்து எழுது, மேலேயிருந்து பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்றேன். அவள் சிரித்தாள். ரயிலடியில் அந்தப் புதுச்சேரிக்காரம்மா ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருந்தார். வண்டி நகர்ந்தபோது மகள், "நைனா, மாட்ட அடிக்காத" என்றாள். நான் மாட்டை அடிப்பதே இல்லை. அது அவளுக்கும் தெரியும். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னாள். திரும்பி வரும்போது மாடுகளே வழி பார்த்துக்கொண்டு வந்தன.

அது அறுப்புக் காலம். களத்திலிருந்து வந்த நெல் நடுவீட்டில் குவிந்திருந்தது. மற்ற வருசமானால் அவள் நாளைக்கு நான்கு முறை பெருக்குவாள். இப்போது உமியும் தூசும் வைக்கோல் துரும்பும் அப்படியே கிடந்தன. கோழி வந்து கிளறியது, ஆடு வந்து புழுக்கை போட்டுவிட்டுப் போனது. வாசலையாவது பெருக்கேன் என்றேன்.

"வாசல்ல அவ கால் தடம் கீது."

எனக்கு அங்கே என் மாட்டுக் கால் தடம்தான் தெரிந்தது. ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் நடந்தேன். சோற்றில் உமி இருந்தது. உமியில் சோறு இருக்கிறதா என்று தேடிச் சாப்பிட வேண்டியிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் கையில் துடைப்பத்தோடு நடுவீட்டில் நின்றாள். எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. எட்டு மணிக்கு பாகூர்ப் பக்கம் போகிற பஸ் ஊர் முனையில் ஹாரன் அடிக்கும். அதுதான் ஊருக்கே கடிகாரம். டிரைவருக்கு உடம்பு சரியில்லாவிட்டால் எங்கள் ஊரில் எட்டு மணியே ஆகாது. அன்றைக்கு ஹாரன் அடித்தது. அவள் ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றாள். பிறகு பெருக்கினாள் பாருங்கள், அப்படி ஒரு பெருக்கலை நான் பார்த்ததில்லை. நடுவீடு, அடுப்படி, வாசல், மாட்டுக் கொட்டகை வரைக்கும். குப்பையைக் கூடையில் வாரி எருக்குழியில் கொட்டிவிட்டு, சீயக்காயை அரைக்க உட்கார்ந்தாள். நான் மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வில்லியனூரில் மில்லுக்குப் போகும் முன்னால் பாய் கடையில் வண்டியை நிறுத்தினேன். பெருமையை இறக்கிவிட்டு மூட்டையை இறக்கலாம் என்று நினைப்பு. மகள் போய்ச் சேர்ந்துவிட்டாள், வீடு பெருக்கியாகிவிட்டது என்று சொன்னேன். நாற்காலியிலிருந்த முசே கடைக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அங்க இன்னும் எட்டு ஆவலப்பா. இப்பதான் கோழி கூவும்."

எனக்குப் புரியவில்லை. சூரியன் முதலில் நம் பக்கம் எழுந்து வந்து, பிறகுதான் அந்தப் பக்கம் போகிறது, நாம் மதியானக் கஞ்சி குடிக்க உட்காரும்போதுதான் அவர்களுக்குக் காலை எட்டு மணி என்று அவர் பொறுமையாகச் சொன்னார். டிக்கெட்டில் எழுதுவது இறங்குகிற ஊர் மணியாம், ஏறுகிற ஊர் மணி இல்லையாம். கல்லில்தான் இரண்டு நிஜம் என்று நினைத்திருந்தேன். மணியிலும் இரண்டு நிஜம் இருந்திருக்கிறது.

"அப்ப எம் பொண்ணு இப்ப எங்க முசே?"

அவர் விரலால் மேலே காட்டினார்.

மூட்டையை இறக்காமலே வண்டியைத் திருப்பினேன். எதிரிலிருந்த மில்லுக்காரன் பின்னால் கத்தியது கேட்டது. எதற்குத் திரும்புகிறேன், போய் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாயை மூடிக்கொண்டு மில்லுக்குப் போயிருந்தால் அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. ஆனால் கல்யாணம் ஆனதிலிருந்து எது நடந்தாலும் முதலில் அவளிடம்தான் போய்ச் சொல்வேன், என்னை அப்படிப் பழக்கி வைத்திருந்தாள்.

நான் போனபோது அவள் தலை முழுகவில்லை. அரைத்த சீயக்காய் கிண்ணத்தில் இருந்தது. விசயத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு, நான் வருவதற்குள் மதியானமே ஆகிவிட்டது, இந்நேரம் அங்கேயும் எட்டு ஆகியிருக்கும், எறங்கியிருப்பா, கவலைப்படாதே என்றேன்.

"நான் பெருக்கனப்ப மேலதான இருந்தா?"

"இருந்தா."

"அவ மேல இருக்கும்போது தொடச்சித் தள்ளிட்டேனே."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். சுத்தமான தரையைப் பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு எருக்குழிக்குப் போனாள்.

முதல் கூடை உள்ளே வந்து நடுவீட்டில் விழுந்தபோதுதான் அவள் என்ன செய்கிறாள் என்று எனக்கு விளங்கியது. இரண்டாவது கூடையை நான் எடுத்துவந்தேன். அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "இன்னாக்கா, ஊர்ல எல்லாரும் குப்பைய வெளிய கொட்றாங்க, நீங்க உள்ள கொட்றீங்க?" என்றாள். இந்த வருசம் எங்க வயல்ல இதுதான் விளைஞ்சது என்று நான் பதில் சொன்னேன்.

குப்பையைக் கொட்டினால் மட்டும் போதவில்லை. இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்றாள். துரும்பு கதவோரம், உமி நெல் குவியலைச் சுற்றி, சாம்பல் அடுப்படியில். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. எருக்குழியில் கோழிகள் கிளறிக் கொஞ்சம் கலைத்துவிட்டதால் குப்பை குறைந்தது. பக்கத்து வூட்டுல கொஞ்சம் கேட்டு வாங்கியாரட்டுமா என்றேன்.

"நம்ம குப்பதான்யா வேணும்."

வாசலுக்கு மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கால் தடத்தைக் கூடையில் அள்ளி வர முடியாது. துடைத்த வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றவள், உள்ளே போய்ச் சீயக்காயை மூடி வைத்தாள். இனிமேல் தந்தி வந்த பிறகுதான் என்றாள். இறங்கியதும் பாய் கடை விலாசத்துக்குத் தந்தி அடிப்பதாக மருமகன் எழுதியிருந்தார்.

சனிக்கிழமை தந்தி வரவில்லை.

நான் கடைக்குள் நுழைந்ததும் பாய் என்னைப் பார்க்காமல் பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தார். அதிலேயே தெரிந்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். பாய் காசு வேண்டாம் என்றது எனக்கு அதிகப் பயமாக இருந்தது. முசேதான், குளிர்காலத்தில் அங்கே மூடுபனி இறங்கும், பனி இருந்தால் கீழே இறங்க விடமாட்டார்கள் என்றார். இறங்க விடாவிட்டால் மேலேயே நிற்பார்களா என்று கேட்டேன். வழக்கமாக நான் இப்படிக் கேட்டால் கடையில் எல்லாரும் சிரிப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை, நானும் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. வழியில் ஏதாவது ஊரில் இறக்கிப் படுக்க வைத்து, பனி விலகியதும் கூட்டிப்போவார்கள் என்றார் முசே.

வீட்டுக்கு வந்து மூடுபனியைப் பற்றிச் சொல்லவில்லை. தந்தி ஆபீசில் கூட்டம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றைப் போட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு உமியைக் காரணம் சொல்லிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தங்கை தவளக்குப்பத்திலிருந்து வந்தாள். நல்லவள், கை சும்மா இருக்காது. அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த நேரம், வீடு கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துக் குனிந்தாள். நான் வண்டி அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். எப்படி உள்ளே வந்தேன் என்று தெரியாது. துடைப்பத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். மச்சினிச்சியிடம் கேலிக்குக்கூடக் குரல் உயர்த்திப் பேசியவன் இல்லை நான்.

"தொடாதம்மா. அவ இன்னும் எறங்கல."

வாசற்படியில் தண்ணீர்ச் சட்டியோடு என் பெண்சாதி நின்றுகொண்டிருந்தாள். தந்தி ஆபீசில் கூட்டம் என்ற என் பொய் அங்கேயே செத்துப்போனது. அவள் உள்ளே வந்து, என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி மூலையில் சாத்தினாள். அதில் மை அப்பியிருந்தது.

திங்கட்கிழமை நான் போனபோது பாய் கடைக்கு வெளியே ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். தராசை விட்டு அவர் ரோட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை. கையில் காகிதம். தூரத்திலிருந்தே அவர் பல் தெரிந்ததால் நான் வண்டியிலிருந்து விழாமல் இறங்கினேன். முசே படித்தார். வந்து சேர்ந்தாள், சுகம் என்று இருந்தது. முந்தின நாள் அங்கே அடித்த தந்தி. மூடுபனிதான், வழியில் எங்கோ இரண்டு நாள் இறக்கி வைத்திருந்தார்கள் என்பது பிறகு மகள் எழுதித்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: நாங்கள் கூடை கூடையாகக் குப்பையை உள்ளே கொட்டியபோது அவள் வழியில்தான் இருந்திருக்கிறாள். இதைக் கேலியாகச் சொல்ல எனக்கு ஒரு வழியும் அகப்படவில்லை.

வீட்டில் போய்ச் சொன்னேன். அவள் தந்தியை வாங்கி, படிக்கத் தெரிந்தவள்போல இரண்டு பக்கமும் பார்த்தாள். மடித்து இடுப்பில் செருகினாள். துடைப்பத்தை எடுப்பாள் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. நெல் குவியலுக்குப் பக்கத்தில், குப்பைக்கு நடுவில், காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"இன்னாமே, பெருக்கலையா?"

"இருய்யா. ஏரோப்ளேன் எறங்குனா ஆச்சா? அங்கேர்ந்து வூட்டுக்குப் போவ வேணாமா? அம்மாம் நேரம் ஒக்காந்து காலு வேற மரத்துப் போயிருக்கும். மாடி எத்தினி கீதோ, ஏறணுமே."

தந்தி நேற்றைக்கே அடித்தது. மகள் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, தூங்கி, எழுந்தும் இருப்பாள். முசே சொன்ன கணக்கு இப்போது எனக்கும் தெரியும். துரும்பைத் தள்ளிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாடுகளை இன்னும் அவிழ்க்கவில்லை, வெளியே கழுத்து மணி கேட்டுக்கொண்டிருந்தது. ஆடு ஒன்று வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. அவள் கண் கதவைப் பார்த்தபடி இருந்தது, உதடு மட்டும் எதையோ எண்ணுவதுபோல அசைந்தது. படிகளாகத்தான் இருக்கும். நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். நானும் நிறுத்தினேன்.

ரொம்ப நேரம் கழித்து, "தண்ணி குடிச்சிருப்பா" என்றாள்.

"குடிச்சிருப்பா" என்றேன்.

முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள்.